குன்னூரில் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொள்ள: ஊசிக்கு முன்னால் ஆளைப் பிடியுங்கள்

கீழேயிருந்து மாற்றலாகி நீலகிரிக்கு வருகிறவர்கள் முதல் குளிருக்கு ஊட்டி திபெத்தியர் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிச் சமாளித்துவிடுவார்கள். அடுத்த குளிருக்குள் ஆசை வந்துவிடும். எதிர்வீட்டு அக்கா வாசலில் வெயில் காய்ந்தபடி, ஊசியைப் பார்க்காமலேயே, சிலிண்டர் விலையைத் திட்டிக்கொண்டே ஒரு குழந்தைக் குல்லாவை முடித்துவிடுவார். பார்க்கிற நமக்குக் கை துறுதுறுக்கும்.

ஆசை வந்ததும் எல்லோரும் செய்வது யூடியூபைத் திறப்பது, ஆன்லைனில் ஒரு 'பிகினர் கிட்' வாங்குவது. நானும் அந்த வழியில் போய் முட்டிக்கொண்டு திரும்பியவள்தான். வீடியோவில் குறையில்லை. சரியாகப் பின்னுவது எப்படி என்று அழகாகக் காட்டுவார்கள். ஆனால் உங்கள் கையில் இருப்பது எங்கே தப்பியது என்று வீடியோவுக்குத் தெரியாது. 20 கண்ணியில் (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) தொடங்கிய துண்டு ஏன் 27 கண்ணியாக வளர்ந்து நிற்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். பின்னல் கற்பதில் பாதி வேலை தப்பை அடையாளம் காண்பதுதான். அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளை எப்படிப் பிடிப்பது, பிடித்த பிறகு அவரைப் படுத்தாமல் எப்படிக் கற்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். குன்னூர், ஊட்டி, கோத்தகிரி ஆட்களை மனதில் வைத்து எழுதுவது. கோவை, சென்னைக்காரர்களுக்கு மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

1. ஊசி வாங்கும் முன் ஆளைத் தேடுங்கள்

உங்கள் தெருவிலேயே பின்னத் தெரிந்தவர் இருப்பார். வெளியே தெரியாது, அவ்வளவுதான். மலையில் அறுபதைத் தாண்டிய பெண்களில் கான்வென்டிலோ அம்மாவிடமோ கற்றவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனதும் ஊசி பீரோவுக்குள் போயிருக்கும். "உங்களுக்கு ஸ்வெட்டர் பின்னத் தெரியுமா?" என்று கேட்டால் "அதெல்லாம் எப்பவோ" என்று சிரித்து மழுப்புவார்கள். அப்படிக் கேட்காதீர்கள். வீட்டில் யாராவது போட்டிருக்கிற கைப்பின்னல் குல்லாவையோ மஃப்ளரையோ காட்டி "இது யார் பின்னுனது?" என்று கேளுங்கள். பதில் தானாக வரும். பழைய டிரங்குப் பெட்டியே திறந்தாலும் திறக்கும்.

தெருவில் அமையவில்லை என்றால் அடுத்து போகவேண்டியது கம்பளி நூல் (வுல்) விற்கும் தையல் சாமான் கடை. யார் மாதாமாதம் நூல் வாங்குகிறார்கள் என்பது கடைக்காரருக்கு அத்துப்படி. அவர்கள் நம்பரைக் கேட்டால் தரமாட்டார், தரவும் கூடாது. உங்கள் பெயரையும் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி, "கத்துக்க ஆசையாம்னு சொல்லிப் பாருங்கண்ணே" என்று கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் பொறுங்கள்.

சர்ச்சுகளிலும் விசாரிக்கலாம். சி.எஸ்.ஐ. சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம் என்று ஒன்று இருக்கும். விற்பனை விழாவுக்குக் கைவேலைப் பொருள் செய்கிற பழக்கம் உள்ள சபைகளில், பின்னுகிறவர்கள் யார் யார் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் எந்த மதம் என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் நேராகப் போய் உட்காராமல், யாராவது ஒருவர் மூலமாகச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

வெலிங்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரும், ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் அங்கே இருப்பதால் இமாச்சல், உத்தராகண்ட், பஞ்சாப் பக்கத்துக் குடும்பங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும். சின்ன வயதிலிருந்தே ஊசி பிடித்த பெண்கள் அவர்களில் உண்டு. கன்டோன்மென்டுக்குள் நாமாக நுழைய முடியாது. பிள்ளைகளின் பள்ளி வாசலில் நிற்கும்போதுதான் பழக்கம் ஏற்படும். பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டாம். நேர்ப் பின்னலுக்கு 'சீதா', மறுபக்கப் பின்னலுக்கு 'உல்டா' என்று இரண்டு சொல் தெரிந்தால் முதல் மாதம் ஓடிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அவர்கள் மாற்றலில் போய்விடுவார்கள். ஸ்டாஃப் காலேஜ் படிப்பே ஒரு வருடத்துக்குள் முடிகிறது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெரிய குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸில் இடம்பிடித்தவர்கள். ஆனால் அவர்களுடையது குரோஷே. ஒற்றைக் கொக்கி ஊசி, முடிக்கிற வரை பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. நாம் பேசுவது இரண்டு நீள ஊசியில், ஒரு வரிசைக் கண்ணிகளை ஏந்திப் பின்னும் நிட்டிங். இரண்டும் வேறு கை. விசாரிக்கும்போதே எது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஊசியைத் தூக்கிக்கொண்டு போய் அசடு வழிய வேண்டியிருக்கும். குரோஷே தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு நிட்டிங் தெரிந்த ஒருவரையாவது தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, கூலிக்குப் பின்னுகிறவரிடம் இலவசமாகக் கற்றுத்தரச் சொல்லாதீர்கள். அவருக்கு அந்த மணி நேரம் காசு. "ஒரு மணி நேரத்துக்கு என்ன தரணும்?" என்று முதல் நாளே பேசிவிடுங்கள். மாறாக, பொழுதுபோக்காகப் பின்னும் பக்கத்து வீட்டு அக்காவிடம் பணத்தை நீட்டினால் கோபித்துக்கொள்வார். அவருக்கு வேறு வகையில் செய்யலாம். கரண்ட் பில் கட்டிக்கொடுப்பது, கோவை போனால் அவர் கேட்கும் கலரில் நூல் வாங்கிவருவது, சிட்டமாக இருக்கும் நூலை உருண்டையாகச் சுற்றிக்கொடுப்பது. இந்தச் சுற்றும் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதால் அதற்கென்றே கூப்பிடுவார்கள். போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்காருங்கள். பாதிப் பாடம் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

இரண்டு, ஊருக்கு ஊர் முளைக்கிற காசு வகுப்புகள். கோவையில் நான் சேர்ந்த ஒன்றில் நூல், ஊசி, கட்டணம் எல்லாம் சேர்த்து முழுத்தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, ஒரு மேசையைச் சுற்றிப் பதினைந்து பேரை உட்காரவைத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் நல்லவர்தான், என் கை பக்கம் வரத்தான் அவருக்கு நேரமில்லை. சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு வகுப்புக்கு எத்தனை பேர்? ஒற்றை வகுப்புக்கு மட்டும் பணம் கட்டலாமா? ஆறு பேருக்கு மேல் என்றாலோ, 'பேக்கேஜ் மட்டும்தான்' என்றாலோ வேண்டாம்.

2. கடையில் என்ன வாங்குவது

ஆளைப் பிடித்தபின் அவரையே கடைக்குக் கூட்டிப்போக முடிந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தனியாகப் போகிறவர்களுக்கு:

ஊசியில் கவனிக்க வேண்டியது நம்பர். நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் புழக்கம். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 6 நம்பர் 5 மி.மீ., 8 நம்பர் 4 மி.மீ., 10 நம்பர் 3.25 மி.மீ., 11 நம்பர் 3 மி.மீ. அமெரிக்க நம்பர் நேர்மாறாகப் போகும். அங்கே 8 என்றால் 5 மி.மீ., 6 என்றால் 4 மி.மீ. அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே வந்து "8 நம்பர் கொடுங்க" என்று வாங்கினால், அவர்கள் சொன்னதைவிட ஒரு முழு மில்லிமீட்டர் மெல்லிய ஊசி கைக்கு வரும். குல்லா பொம்மைக்குத்தான் பொருந்தும். அதனால் எப்போதும் மி.மீ. கணக்கில் கேளுங்கள், ஊசியின் தலையிலோ பாக்கெட்டிலோ அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தொடக்கத்துக்கு 4 மி.மீ. ஒரு ஜோடி போதும். நீளம் 10 அங்குலம் நல்லது. 14 அங்குல ஊசி சோபாவின் கைப்பிடியில் இடித்துக்கொண்டே இருக்கும். அலுமினிய ஊசியில் கண்ணி வழுக்கும், மூங்கிலில் கொஞ்சம் பிடித்து நிற்கும். கை பழகாதவர்களுக்கு மூங்கில் தேவலை, விலைதான் கூட. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் போனி ஊசி நம் மலைச் சரக்கேதான், ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே எல்லநள்ளியில் இருக்கிற நீடில் இண்டஸ்ட்ரீஸ் தயாரிப்பு. பஸ்ஸில் தினமும் அந்தத் தொழிற்சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டே ஆன்லைனில் வெளிநாட்டு ஊசி தேடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

நூலுக்கு வருவோம். முதல் துண்டுக்கு அக்ரிலிக் போதும். வர்த்மான், கங்கா போன்ற லூதியானா நூல்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும். வெளிர் நிறம், வழவழப்பான சாதா முறுக்கு, நடுத்தரப் பருமன் என்று கேளுங்கள். கறுப்பு, கருநீலம் வேண்டவே வேண்டாம். மாலை வெளிச்சத்தில் கண்ணி எது, இடைவெளி எது என்று சொல்லித்தருகிறவருக்கே தெரியாது. பஞ்சு பஞ்சாக ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் கடையில் ஆளை இழுக்கும். அதைப் பின்னவும் கஷ்டம், பிரிக்கவோ முடியவே முடியாது.

திருப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் "எதுக்கு காசு செலவு, கோன் நூல் நான் அனுப்புறேன்" என்பார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அது பனியன் மெஷினுக்கான நூல். தலைமுடி மாதிரி மெலிசு. கை ஊசிக்கு ஆகாது. கீழே வெயிலில் இருப்பவர்கள் பருத்தி நூலில் பின்னலாம்தான், ஆனால் அது இழுத்தால் கொடுக்காது, புதுக் கைக்கு விரல் வலி எடுக்கும். அக்ரிலிக்கில் கை பழகிய பிறகு பருத்திக்கு மாறுங்கள்.

இதோடு 4 மி.மீ. குரோஷே கொக்கி ஒன்று (விழுந்த கண்ணியைத் தூக்க), முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி ஒன்று, ஒரு இஞ்ச் டேப். நான் வாங்கியபோது 200 கிராம் நூலையும் சேர்த்து எல்லாம் ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கடைக்குக் கடை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆயிரத்துக்கு மேல் செலவாகிறது என்றால் தேவையில்லாததை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

நூல் லேபிளில் லாட் நம்பர் இருக்கும், ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கு ஒரே நம்பர். ஒரு துணிக்குத் தேவையான மொத்த நூலையும் ஒரே லாட்டில் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் ஒரே நிறம் என்று கடையில் தோன்றும். பின்னி முடித்து வெயிலில் விரித்தால் பாதியில் கோடு போட்ட மாதிரி தெரியும். மலைக்கடைகளில் சரக்கு குறைவாக வருவதால், பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

3. முதல் நாள் உட்காரும்போது

மதியம் இரண்டரையிலிருந்து நாலு மணிக்குள் போங்கள். சமையல், சாப்பாடு முடிந்திருக்கும், பள்ளிக்கூடம் விட்டிருக்காது. சீரியல் நேரத்தில் போகாதீர்கள். அவர்களுக்கு டிவியைப் பார்த்துக்கொண்டே கை ஓடும். உங்களுக்கு ஓடாது.

சொல்லித்தருகிறவருக்குப் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். இடக்கைக்காரர்கள் எதிரே உட்கார்ந்து கண்ணாடி போலப் பார்த்துப் பின்னுவதும் உண்டு. ஆனால் பின்னலில் இரண்டு கையுமே வேலை செய்வதால், எல்லோரையும் போலவே பழகிவிடுவது பின்னால் பேட்டர்ன் (எப்படிப் பின்னுவது என்ற எழுத்துக் குறிப்பு) படிக்கும்போது சுலபம்.

முதல் நாள் கண்ணி ஏற்றுவதும் (ஊசியில் முதல் வரிசைக் கண்ணிகளைப் போடுவது) நேர்ப் பின்னலும் மட்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். "உல்டாவும் சேர்த்துக் காட்டிடுறேன்" என்று அக்கா உற்சாகமாகிவிடுவார். "அது அடுத்த வாரம்" என்று சொல்லிவிடுங்கள். நேர்ப் பின்னலில் மட்டுமே முழு மஃப்ளர் பின்னலாம்.

புதியவர்கள் கண்ணியை இறுக்கி ஏற்றுவார்கள். அப்புறம் ஊசி நுழையாமல் மல்லுக்கட்டுவார்கள். இரண்டு ஊசியையும் சேர்த்துப் பிடித்து அதன்மேல் கண்ணி ஏற்றிவிட்டு ஒன்றை உருவிவிடுங்கள். தளர்வாக வந்துவிடும்.

இனி சொல்வதுதான் பக்கத்து வீட்டுப் பாடத்தில் உள்ள பெரிய பொறி. நீங்கள் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அக்கா "இப்படிக் கொடு" என்று வாங்கி, மளமளவென்று பத்து வரி பின்னித் திருப்பித் தந்துவிடுவார். பாசம்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் துண்டு வளர்ந்திருக்கும், உங்களுக்கு ஒன்றும் வந்திருக்காது. இதைத் தடுக்க எனக்குப் பலித்த வழி, இன்னொரு ஜோடி ஊசியும் கொஞ்சம் நூலும் அவருக்கென்று கொண்டுபோய்விடுவது. "அக்கா, நீங்க உங்க ஊசியில பின்னுங்க, நான் பார்த்து இதுல பின்றேன்" என்றால் கை நீளாது.

அதோடு "தப்பு பண்ணிக் காட்டுங்க" என்றும் கேளுங்கள். ஒரு கண்ணியை வேண்டுமென்றே நழுவவிட்டு, அது ஏணிப்படி மாதிரிக் கீழே இறங்குவதைக் காட்டி, கொக்கியால் ஒவ்வொரு படியாக எப்படித் தூக்குவது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சரியாகப் பின்னுவதைக் காட்டியதைவிட இதைக் காட்டியதுதான் எனக்கு அதிகம் உதவியது.

4. வீட்டில் தனியாக இருக்கும்போது வரும் தப்புகள்

ஒவ்வொரு வரி முடிந்ததும் கண்ணியை எண்ணுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், முதல் இரண்டு வாரம் வேறு வழியில்லை.

எண்ணிக்கை கூடுகிறதா? வரியின் முதல் கண்ணியைப் பாருங்கள். நூலை ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் தூக்கிப் போட்டிருப்பீர்கள். அப்போது அந்தக் கண்ணி மேலே இழுபட்டு, அதன் இரண்டு காலும் (வளையத்தின் இரு பக்கமும்) ஊசிமேல் தனித்தனியாக நிற்கும். ஒன்றை இரண்டென்று எண்ணிப் பின்னிவிடுவீர்கள். வரி தொடங்கும்போது நூல் ஊசிக்குக் கீழாக வந்து பின்னால் போகட்டும். முன்பு சொன்ன 27 கண்ணிக்கு இதுதான் காரணம்.

நடுவில் ஓட்டை விழுந்து எண்ணிக்கை கூடினால், நேர்ப் பின்னலிலிருந்து உல்டாவுக்கு மாறும்போது நூலை ஊசிகளுக்கு நடுவே கொண்டுவராமல் மேலே போட்டிருக்கிறீர்கள். குறைந்தால், கண்ணி நழுவியிருக்கும் அல்லது இரண்டைச் சேர்த்துப் பின்னியிருப்பீர்கள்.

பாதி வரியில் எழுந்து போகாதீர்கள். போய்த்தான் ஆகவேண்டும் என்றால், திரும்பி வந்ததும் உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலக்கைக்கு. மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப் பின்னுவீர்கள், நடுவில் ஒரு பக்கம் மட்டும் மேடாகிவிடும்.

பிரிக்கப் பயமாக இருக்கிறதா? நன்றாக வந்த ஒரு வரியின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறத் தையல் நூலை ஊசியால் கோத்து விட்டுவிடுங்கள். மேலே என்ன குளறுபடி நடந்தாலும் அந்த நூல் வரைக்கும் தைரியமாகப் பிரிக்கலாம், கீழே இறங்காது. பத்து வரிக்கு ஒருமுறை இதைச் செய்தால் ராத்திரி பத்து மணிக்கு யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்.

5. இரண்டு பேரிடம் கற்றால்

குன்னூரில் இது சகஜம். எதிர்வீட்டில் ஒருவர், வெலிங்டனில் ஒருவர். ஒருவர் நூலை வலக்கையில் பிடித்து ஊசிமேல் சுற்றிப் போடுவார். இன்னொருவர் இடது ஆள்காட்டி விரலில் நூலைப் பிடித்து ஊசியாலேயே கொத்தி எடுப்பார். இரண்டும் சரி. துணி ஒன்றுபோலத்தான் வரும்.

சிக்கல் வருவது ஒருவரிடம் சீதாவும் மற்றவரிடம் உல்டாவும் கற்கும்போது. உல்டாவில் நூலைச் சுற்றும் திசை சிலருக்கு மாறும். அப்படிச் சுற்றினால் கண்ணி ஊசியில் உட்காருகிற விதமே மாறிவிடும். வழக்கமாகக் கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்கும். இங்கே பின்னால் போய்விடும். இப்படிப் பின்னுகிறவர்கள் அடுத்த வரியில் பின்காலில் ஊசியை விட்டுச் சரிசெய்துகொள்வார்கள், அவர்கள் கைக்கு அது பழக்கம். நீங்களோ மற்றவர் சொன்னபடி முன்காலில் விடுவீர்கள். ஒவ்வொரு கண்ணியும் அடியில் கத்தரிபோட்டு முறுக்கிக்கொள்ளும். துணி விறைப்பாகி, அளவும் சுருங்கும். இரண்டு குருவும் பார்த்துவிட்டு "நான் சரியாத்தானே சொல்லிக்கொடுத்தேன்" என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். முதல் மஃப்ளர் முடியும்வரை ஒரே ஆளிடம் நில்லுங்கள்.

6. நோட்டும் லேபிளும்

யாரிடம் உதவி கேட்கப் போனாலும் கொண்டுபோக வேண்டிய ஆவணம் என்றால் ஒரு நோட்டுதான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம். நூல் லேபிளை ஒட்டுங்கள், லாட் நம்பர் கிழியாமல். பக்கத்தில் ஒரு சாண் நூலை ஒட்டிவையுங்கள். ஊசி எத்தனை மி.மீ., எத்தனை கண்ணி ஏற்றினீர்கள், எத்தனை வரி முடிந்திருக்கிறது, 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி வருகிறது. பொதுவாக 4 மி.மீ. ஊசியில் நடுத்தர நூலுக்கு 10 செ.மீட்டருக்கு 22 கண்ணி, 28 வரி என்று பேட்டர்ன்களில் போட்டிருப்பார்கள். உங்களுக்கு 26 கண்ணி வந்தால் கை இறுக்கம். இறுக்கத்தை மனசால் தளர்த்த முடியாது, அரை மி.மீ. பெரிய ஊசிக்கு மாறுங்கள்.

பில்லையும் அந்தப் பக்கத்திலேயே செருகிவையுங்கள். பிரிக்காத உருண்டையைச் சில கடைகள் பில் இருந்தால் மாற்றித்தரும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டர்னுக்கு ரேவல்ரி என்ற தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கலாம். 'இலவசம்' என்று வடிகட்டித் தேடினால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அங்கே நிறைய அமெரிக்க நம்பர் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பெரியவர்களிடம் போகும்போது போனில் காட்டாமல் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துப் போங்கள். பத்து ரூபாய் செலவு, பத்து தடவை கண்ணாடி தேடும் வேலை மிச்சம்.

7. நாலு பேர் சேர்ந்தால் குழு

ஊரில் குழு இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். இரண்டு தெரிந்தவர், இரண்டு தெரியாதவர் போதும். வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம். நாளை மாற்றிக்கொண்டே இருந்தால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள்.

வீடு வீடாகச் சுற்றி நடத்தினால் டீ, பலகாரம் என்று போட்டி வந்துவிடும். அசோசியேஷன் ஹாலோ பள்ளி வகுப்பறையோ கிடைத்தால் நிம்மதி. செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், கட்டணம் வசூலிக்கவில்லை, விளக்கு அணைத்துப் பூட்டிச் சாவி தரும் பொறுப்பு இன்னாருடையது. இந்தக் கடைசி வரிதான் அனுமதி வாங்கித்தரும். வாடகை கேட்டால் மின்சாரச் செலவை மட்டும் தருவதாகப் பேசிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் முடித்துக்கொண்டால் அதுவும் குறைவு.

பொது நூலுக்கென்று காசு சேர்க்காதீர்கள். யாருக்கு எவ்வளவு போனது என்ற பேச்சில்தான் குழுக்கள் உடைகின்றன. ஆளாளுக்கு நூல் ஆளாளுக்கு. மீந்த நூலை மட்டும் ஒரு பையில் பொதுவாக வைக்கலாம்.

வாட்ஸாப் குழுவில் சந்தேகம் கேட்கும்போது "சரியா வரலை, என்ன பண்றது?" என்று மங்கலான படத்தைப் போட்டால் பதில் வராது. பகலில், சமதளத்தில் விரித்து, ஊசி கண்ணியிலேயே இருக்க, முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். கூடவே நோட்டில் எழுதிய ஊசி அளவும் கண்ணிக் கணக்கும்.

ஆண்களும் தாராளமாக வரலாம். எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற ஒரு எஸ்டேட் ரைட்டர் (கணக்கர்) இருக்கிறார். எங்கள் எல்லோரையும்விட அவர் விளிம்புதான் நேர்.

8. முதல் மஃப்ளர்: எவ்வளவு நாள் ஆகும்

இதை யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். கணக்குப் போட்டுவிடலாம். 36 கண்ணி ஏற்றினால் சுமார் 17 செ.மீ. அகலம். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு, எல்லா வரியும் நேர்ப் பின்னல் என்றால், ஏறத்தாழ 600 வரி. மொத்தம் 21,600 கண்ணி. புதுக் கை நிமிடத்துக்கு 15 கண்ணி பின்னும் என்று வைத்தால் 24 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், பிரிக்கிற நாட்களையும் சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நூல் 150 முதல் 200 கிராம்.

ஆகவே டிசம்பர் பனிக்கு மஃப்ளர் வேண்டும் என்றால் தீபாவளிக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. ஜூன், ஜூலை மழையில் ஆளைப் பிடித்து, 20 கண்ணிப் பயிற்சித் துண்டுகளை முடித்துவிட்டு, ஆகஸ்டில் மஃப்ளரை ஆரம்பியுங்கள். அப்படிச் செய்தால் அக்டோபருக்குள் அடுத்த வேலைக்குக் கை தயார். நவம்பருக்கு மேல் தெரிந்தவர்கள் எல்லோரும் கிறிஸ்துமஸ் பரிசும் பேரக்குழந்தை ஸ்வெட்டருமாக இருப்பார்கள். அப்போது போய் "கண்ணி ஏத்தச் சொல்லிக் கொடுங்க" என்று நிற்காதீர்கள்.

9. அப்புறம் ஸ்வெட்டர்

முதல் ஸ்வெட்டரைப் பெரியவர்களுக்கு எடுக்காதீர்கள். 400 முதல் 600 கிராம் நூல், மாதக்கணக்கில் வேலை, பாதியில் பெட்டிக்குள் போய்விடும். ஒரு வயதுக் குழந்தைக்கு எடுங்கள். 150 கிராமில் முடியும், அளவு கொஞ்சம் தப்பினாலும் இந்த வருடம் இல்லையென்றால் அடுத்த வருடம் போட்டுவிடலாம். பிறந்த குழந்தைக்கு என்று சின்னதாகப் பின்னாதீர்கள். நீங்கள் முடிப்பதற்குள் குழந்தை வளர்ந்திருக்கும்.

அக்ரிலிக் துணியை இஸ்திரி போட்டால் உருகிப் பளபளத்துச் செத்துப்போகும். குழந்தைக்குப் போட்டுவிட்டுக் கரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள், நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மலையில் குளிர்காய்கிற வீடுகளில் இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

முன்பக்கம், பின்பக்கம், கைகள் என்று தனித்தனியாகப் பின்னி முடித்ததும் தைத்துச் சேர்க்கும் நாளன்று மட்டும் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோளில் கை பொருந்தும் இடத்தைத் தனியாகச் செய்தால் ஒரு கை முன்னால் திரும்பிக்கொள்ளும். பட்டனை எல்லாம் முடிந்த பிறகு, பின்னிய துளையைக் கடைக்கு எடுத்துப் போய் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். கம்பளித் துளை நெகிழும் என்பதால், கொஞ்சம் இறுக்கமாக நுழைகிற அளவே சரி. ஐந்து வேண்டுமென்றால் ஆறாக வாங்கி, மீதி ஒன்றை உள்பக்கத் தையலில் தைத்து வைத்துவிடுங்கள்.